கேன்சருக்கென்று தனி பாலிசி வீண் செலவா? என் பதில்

"வயது 34. கம்பெனியில் 5 லட்சத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறது. கேன்சருக்கென்று தனியாக ஒரு பாலிசி எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா, வீண் செலவா?" என்று தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இதற்கு வந்த பதில்களில் பாதிக்கு மேல் "ஏஜென்ட் கமிஷனுக்காகச் சொல்வது, நம்பாதீங்க" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் ஏஜென்ட் இல்லை. எங்கள் வீட்டிலும் யாரும் இல்லை. கொளத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடித்து, இன்றைக்கும் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்ப்பவர், ஊரில் அம்மா அப்பா, இங்கே வாடகையோ ஈஎம்ஐயோ போய்க்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதல் வேலையாக உங்கள் சொந்தப் பெயரில் ஒரு மெடிக்கல் பாலிசி எடுங்கள். கம்பெனி பாலிசி வேலையில் இருக்கும் வரைக்கும்தான். உடம்பு முடியாமல் வேலையை விட்டால் அதுவும் கூடவே போய்விடும். அதற்கு அடுத்ததுதான் கேன்சர் பாலிசி. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று என்று நினைக்கவே கூடாது. மெடிக்கல் பாலிசி ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். கேன்சர் பாலிசியில் நோய் உறுதியானால் தொகை மொத்தமாக உங்கள் கணக்குக்கு வரும். என்ன செலவு செய்தாய், பில் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டும் ஏன் வேண்டும் என்பது எங்கள் அக்காவுக்கு வந்தபோது எனக்குப் புரிந்தது.

அக்கா விழுப்புரம் பக்கம். அவளை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்தோம். உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் ஆரம்பித்த இடம். டாக்டர் சாந்தா அம்மா வாழ்நாள் முழுக்க உழைத்த இடம். அங்கே யாரும் எங்களைப் பணம் பணம் என்று பிய்த்துப் பிடுங்கவில்லை, அதை எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனாலும் அக்கா வீட்டில் நகை மிஞ்சவில்லை. மாமா லாரி ஓட்டுபவர், வண்டி எடுக்காத நாளுக்குக் கூலி கிடையாது. சென்னையில் தங்க வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். சிகிச்சைக்கு ஆன பணத்தைவிட, சிகிச்சை நடந்த காலத்தை ஓட்டிய பணம்தான் அவர்களை உட்கார வைத்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் 2018ல் 10 லட்சத்துக்குக் கேன்சர் பாலிசி எடுத்தேன். மாமியார் "வராத நோவுக்கு வாசல் திறந்து வெப்பியா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. கொழுந்தனார் "ஒண்ணும் ஆகலன்னா கட்டுன காசு அவ்வளவுதானே அண்ணி?" என்றார். ஆமாம், காசு திரும்பி வராது. நோய் வராமலே போகட்டும் என்றுதான் கட்டினேன். வருடப் பிரீமியம் ஒரு நல்ல பட்டுப்புடவை விலைகூட இல்லை.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: உடன்பிறந்தவர்களுக்கோ பெற்றோருக்கோ புற்றுநோய் வந்திருக்கிறதா? ஏஜென்ட் பேனாவால் அந்தக் கட்டத்தைத் தட்டி, "அக்கா, இதுல நோன்னு டிக் பண்ணிடுங்க. எஸ்னு போட்டா பிரீமியம் ஏறும், ரிஜெக்ட்கூட ஆகலாம்" என்றார். நான் 'ஆம்' என்று டிக் செய்து, அக்காவுக்கு எந்த வருடம், எங்கே சிகிச்சை என்பதைக் கீழே எழுதி, முழுப் படிவத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் கொடுத்தேன். பிரீமியத்தைக் கொஞ்சம் ஏற்றினார்கள். ஏற்றட்டும்.

2021ல் எனக்கே கட்டி தட்டுப்பட்டது. மேமோகிராம், பயாப்சி, பெட் ஸ்கேன். வலது மார்பில் இரண்டாவது ஸ்டேஜ், ஹெர்2 பாசிட்டிவ், அதாவது ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகை. வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார், அந்தக் கம்பெனியின் குரூப் பாலிசியில் 3 லட்சம் இருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். அந்த 3 லட்சம் எப்படிக் கரையும் என்பதைச் சொல்கிறேன், இதை எந்த ஏஜென்ட்டும் உட்கார வைத்துச் சொல்ல மாட்டார்.

பல பாலிசிகளில் ரூம் வாடகைக்கு வரம்பு உண்டு. காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்றால் 3 லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் ரூமில் படுத்தால் மிச்ச 3,000ஐ மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பீர்கள். இல்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் பாதியைக் கழித்துவிடுவார்கள். பக்கத்து ரூமில் இருந்த ரிட்டயர்டு தம்பதிக்கு டிஸ்சார்ஜ் அன்று அப்படித்தான் பெரிய தொகை விழுந்தது. பில்லிங் கவுன்ட்டரில் அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு நோயாளிகள் பகிர்ந்துகொள்ளும் ட்வின் ஷேரிங் ரூம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததால் தப்பித்தோம். கையுறை, மாஸ்க் மாதிரி சாமான்களுக்குத் தனிக் கழிவு. அட்மிஷனுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் ஆன செலவை மட்டும்தான் எங்கள் பாலிசியில் தந்தார்கள். இரண்டாவது டாக்டரிடம் கேட்டு முடிவெடுப்பதற்குள் என் முதல் பரிசோதனைகள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டன.

கீமோவுக்கு அன்றே போய் அன்றே வந்தாலும் டே கேர் என்று கிளெய்ம் கிடைக்கும், அதில் பிரச்சினை வரவில்லை. ஆனால் ஹெர்2 வகைக்கான ட்ராஸ்டுசுமாப் ஊசி மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வருடம். இந்த மாதிரி ஊசிகள் அடங்கும் இம்யூனோதெரபி, வாய்வழி கீமோ மாதிரியானவற்றை 'நவீன சிகிச்சை' என்று தனியாகப் பட்டியல் போட்டு, பல பாலிசிகளில் அதற்குக் குறைவான உள்வரம்பு வைத்திருப்பார்கள். எங்களுக்கும் இருந்தது. இங்கேயே தயாராகும் பயோசிமிலர், அதாவது மூல மருந்துக்கு இணையான விலை குறைந்த மருந்து, போட்டதால் சமாளித்தோம். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஹார்மோன் மாத்திரை, அது முழுக்கக் கைக்காசு.

இதெல்லாம்கூட ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டது. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் என் வலது கை வீங்க ஆரம்பித்தது. பெரிய கத்தரியைப் பிடித்து லைனிங் துணி வெட்டினால் சாயங்காலத்துக்குள் வளையல் தோலில் பதிந்துவிடும். அயர்ன் பாக்ஸைத் தூக்கவே கூடாது என்றார்கள். தீபாவளி பிளவுஸ் ஆர்டர் முழுக்க வேறு கடைக்குப் போயிற்று. கடை வாடகை நிற்குமா? என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் எந்த மெடிக்கல் பாலிசி பணம் தரும்?

கேன்சர் பாலிசியில் கிளெய்ம் போட்டதும் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் விசாரிக்க வீட்டுக்கே வந்தார். முன்னாடியே கட்டி இருந்ததா, எந்த டாக்டரைப் பார்த்தீர்கள், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். ஜெராக்ஸை எடுத்து முன்னால் வைத்தேன். அக்காவைப் பற்றி நான் எழுதியிருந்த வரியை நின்றபடியே படித்தார். அதற்கு மேல் கேள்வி இல்லை. 10 லட்சமும் வந்தது. இன்று வரை மாதம் 10,000 வருகிறது. கட்டிங்குக்கு மாஸ்டர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, கடையை மூடாமல் நடத்தியது அந்தப் பணத்தில்தான்.

கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் விளம்பரம் என்பீர்கள். உதாரணத்துக்கு, எல்.ஐ.சி. 2017ல் கொண்டுவந்த கேன்சர் கவரில் ஆரம்ப நிலைக்கு 25 சதவீதம், மேஜர் ஸ்டேஜுக்கு முழுத்தொகை, அதன் பிறகு பத்து வருடத்துக்கு மாதம் 1 சதவீதம் என்று இருந்தது. எனக்கு இருந்ததும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். மேஜர் ஸ்டேஜ் என்றதும் நாலாவது ஸ்டேஜ் என்று பயந்துவிடாதீர்கள். புற்று தோன்றிய அடுக்கைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் இறங்கியிருந்தாலே பொதுவாக அது மேஜர்தான். கேன்சரோடு வேறு பெரிய நோய்களுக்கும் சேர்த்து எடுக்கும் கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசிகள் பலவற்றில் ஆரம்ப நிலைக்கு ஒன்றுமே கிடையாது, நோய் உறுதியான பிறகு 30 நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். கேன்சர் பாலிசியில் காத்திருப்புக் காலம் பெரும்பாலும் 180 நாள். அதற்குள் அறிகுறி தெரிந்தால் பணம் வராது, அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கும் 34 வயதில் எடுக்கச் சொல்கிறேன். நான் கட்டிய வருடங்களில் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து வாங்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு அது கிடையாது.

"முதலமைச்சர் காப்பீடு இருக்கே, அப்புறம் எதுக்கு?" என்று யாராவது கட்டாயம் கேட்பீர்கள். நல்ல திட்டம், 5 லட்சம் வரைக்கும் கொடுக்கிறார்கள், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரத்தைத் தாண்டினால் அந்த வரம்புக்கு வெளியே. எங்களைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். என் பெண்ணுக்குப் போன வருடம் ஆவடியிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பூ வைக்க நாள் பேசுகிற நேரத்தில் தரகர் போன் செய்து, "அம்மாவுக்கு அந்த நோவு இருந்துச்சாமே, பெரியம்மாவுக்கும் இருந்துச்சாமே" என்று இழுத்தார். அத்தோடு சரி, அவர்கள் போனையே எடுக்கவில்லை. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான். அக்காவுக்கும் எனக்கும் வந்ததால் டாக்டர் சொல்லி எனக்கு பிஆர்சிஏ என்ற மரபணுப் பரிசோதனையும் எடுத்தோம், அந்த மரபணுக் கோளாறு இல்லை என்றே ரிப்போர்ட் வந்தது. அந்த ரிப்போர்ட்டை ஜாதகத்தோடு பின் அடித்தா கொடுக்க முடியும்? இன்சூரன்ஸ் கம்பெனியிடம் உண்மையை எழுதிக் கொடுத்தேன், பிரீமியத்தை ஏற்றினாலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் படித்த மனிதர்கள், என் பெண்ணை வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இதை நினைத்தால் கீமோ போட்ட நாட்களைவிட அதிகமாக வலிக்கிறது.

தம்பிக்கு இன்னும் ஒன்று. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவையும் கணக்கில் வையுங்கள். 70 தாண்டியவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் என்று மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் 2024 அக்டோபரில் கொண்டுவந்தார்கள், உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று விசாரித்து, ஆதாரை எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்துவிடுங்கள். 65 தாண்டியவர்களுக்குப் புதிதாக மெடிக்கல் பாலிசியே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வயது வரம்பை இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டது. பிரீமியம் கூடுதலாகத்தான் இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.