பச்சைக்கு நடுக்கம், சம்மட்டிக்கு அலட்சியம்

கேள்வி: 1994-ல் கட்டிய எங்கள் மாடி வீட்டைப் புதுப்பிக்கிறோம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்து ஒன்றாக்க வேண்டும், ஹாலில் ஒரு சுவருக்குக் கரும்பச்சை அடிக்க வேண்டும், கீழே ஹாலிலும் மாடி அறையிலும் பழைய மொசைக் மேலேயே ஆத்தங்குடி டைல்ஸ் போட வேண்டும் என்பது என் ஆசை. "இந்தப் பச்சையையும் பூப்போட்ட தரையையும் பார்த்தால் நாளைக்கு எவன் வீட்டை வாங்குவான்?" என்கிறார் வீட்டுக்காரர். சுவரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. "அரை நாள் வேலை, பயப்படாதீங்கம்மா" என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். துணிந்து இறங்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் வீட்டில் பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பிடிக்காவிட்டால் இரண்டு நாளில் அடித்து மறைத்துவிடக்கூடிய பச்சைக்கு இவ்வளவு யோசனை. தலைக்கு மேலிருக்கும் தளத்தைத் தாங்குகிற சுவருக்கு அரை நாள்!

விற்பனைக் கவலையை முதலில் முடித்துவிடுவோம். 30 வயதான தனி வீட்டை வாங்க வருபவர் மனைக்குத்தான் விலை பேசுவார். கட்டடத்துக்குத் தேய்மானம் கழிப்பார். உங்கள் சுவரின் நிறம் அந்தக் கணக்கில் வராது. தளத்தில் ஓடும் விரிசல் வரும்.

இனி அந்தச் சுவர். வாசல் நிலைக்குப் பக்கத்தில் டேப் வைத்து அளந்து பாருங்கள். பூச்சோடு சேர்த்து 10 அங்குலம் இருந்தால் அது 9 அங்குலச் செங்கல் சுவர். அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் பில்லர் கிடையாது, இந்தச் சுவர்கள்தான் தளத்தைச் சுமக்கின்றன. 6 அங்குலத்துக்குள் இருந்தால் 4½ அங்குலத் தடுப்புச் சுவராக இருக்கலாம். அப்போதும் மாடிக்குப் போய் அதே நேர்கோட்டில் மேலே சுவர் நிற்கிறதா, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், விஷயம் தளத்துக்குள் கிடக்கும் கம்பியில் இருக்கிறது. இரண்டு அறைகளுக்கும் சேர்த்து ஒரே தளமாகப் போடும்போது, நடுச் சுவரை நெருங்குகிற இடத்தில் அடிக்கம்பிகளில் ஒன்றுவிட்டு ஒன்றை கிராங்க் செய்து, அதாவது சாய்வாக வளைத்து, மேலே ஏற்றிவிடுவது அந்நாளைய வழக்கம். சுவர் தாங்கும் இடத்தில் தளத்தின் மேல்புறம்தான் இழுபடும் என்பதால் அது சரியான வேலை. சுவரை எடுத்ததும் அதே இடம் நீண்ட தளத்தின் நடுப்பகுதியாகிவிடுகிறது. இப்போது இழுபடுவது அடிப்புறம். அங்கே இருப்பதோ பாதிக் கம்பி. அன்றைக்கே விழ வேண்டும் என்றில்லை. முதலில் தளம் மெல்லத் தொய்யும், பூச்சு உதிரும், மாடியில் கதவு இறுகும்.

எடுத்தே தீர வேண்டும் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் பார்த்து, சுவருக்குப் பதிலாகத் தளத்தைத் தாங்கப்போகும் உத்திரத்தின் அளவை எழுதித் தர வேண்டும். பிறகு சுவருக்கு இரண்டு பக்கமும் தளத்துக்கு ஜாக்கி முட்டு வரிசையாக நிற்கும். உத்திரம் உட்காரும் இரண்டு முனைகளிலும் சுவரில் கொஞ்சம் விட்டுவைத்து, அதன் மேல் உத்திரம் உட்கார கான்கிரீட் மெத்தை (பெட் பிளாக்) போட்டு 7 நாளாவது தண்ணீர் ஊற்றிய பிறகுதான் இரும்பு உத்திரம் ஏறும். 200 மில்லிமீட்டர் உயர ஐ-பீம் என்றால் 10 அடிக்கே 75 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கிச் சொருகும் சாமானல்ல. பலரும் கோட்டைவிடுவது கடைசி இடத்தில். உத்திரத்துக்கும் தளத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்கும். அதைச் சுருங்காத கிரௌட் என்ற சிமென்ட் கலவை வைத்து இறுக்கி அடைக்காமல் முட்டுகளை எடுத்தால், அந்தச் சந்து அளவுக்குத் தளம் இறங்கிய பிறகுதான் உத்திரம் பாரம் வாங்கும். விரிசல் அங்கேதான் பிறக்கிறது.

இத்தனைக்கும் முழுச் சுவரையும் எடுக்கத்தான் வேண்டுமா? மேலே லிண்டல் (திறப்புக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை) கொடுத்து 4 அடி அகலத்துக்கு ஒரு ஜன்னல் வாயில் திறந்தால் வெளிச்சமும் பேச்சும் வந்துவிடும். மீன் வறுக்கிற நெடி பாதிதான் வரும். அதற்கும் இன்ஜினியரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் செலவு அதில் ஒரு பங்குதான். சிம்னி வைத்தால் 6 அங்குலக் குழாய் வழியே புகை வெளியே போக வேண்டும், இரண்டு வளைவுக்கு மேல் கூடாது. புகையை உள்ளேயே சுற்றவிடும் வகை நம் தாளிப்புக்கு ஆகாது.

ஆத்தங்குடிக்கு வருவோம். காரைக்குடிப் பக்கத்து ஊரில், கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றிக் கையால் செய்யும் கல் அது. சூளை காணாது. அந்த மினுமினுப்பு கண்ணாடி தந்தது, பாலிஷ் போட்டு வந்ததல்ல. கல் முக்கால் அங்குலம், அடியில் கலவை ஒன்றரை அங்குலம் என்று வைத்தால் சதுர அடிக்குச் சுமார் 11 கிலோ. உங்கள் மாடி அறை 150 சதுர அடி என்றாலும் ஒன்றரை டன்னுக்கு மேல். கீழே சுவரை உருவிவிட்டு மேலே இதை ஏற்றுவதாக இருந்தது உங்கள் திட்டம்!

ஆகவே மொசைக் மேலேயே போடாதீர்கள். மொசைக்கையும் அதன் அடிக்கலவையையும் பெயர்த்தால், இறங்கிய பாரமும் ஏறும் பாரமும் ஏறக்குறைய சரியாகிவிடும். தரையும் உயராது. இல்லையென்றால் இரண்டே கால் அங்குலம் உயர்ந்து எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும், மாடிப்படியின் முதல் படி குள்ளமாகிவிடும். கையால் செய்வது என்பதால் ஒரு தவணைக்கும் மறு தவணைக்கும் நிறம் மாறும். 7 சதவீதம் கூடுதலாக ஒரே தடவையில் வாங்கி, எல்லாப் பெட்டியையும் கலந்து பதியுங்கள். முக்கியமாக, வேலை முடிந்ததும் சிமென்ட் கறையை எடுக்க ஆசிட் ஊற்ற வருவார்கள். வாசலிலேயே தடுத்துவிடுங்கள், ஒரு நிமிடத்தில் மினுமினுப்பு போய்விடும். புளித்தண்ணீரும் எலுமிச்சையும் அதே வேலையை மெதுவாகச் செய்யும் என்பதால் சமையலறைக்கு இந்தக் கல் வேண்டாம். துடைக்கிற தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

பச்சை? தாராளமாக அடியுங்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்தால் மட்டும், ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்ளே நீர் முத்து கோத்திருந்தால் சுவரில் ஓதம். வெள்ளைச் சுவரில் உப்புப் பூத்தால் கண்ணுக்குத் தெரியாது, கரும்பச்சையில் விபூதி பூசியதுபோல் தெரியும். அடர்நிறப் பெயிண்டில் மறைக்கும் வெள்ளை நிறமி குறைவு. அதனால் சாம்பல் நிற பிரைமர் மேல் மூன்று கோட் வேண்டியிருக்கும். 12-க்கு 10 அடிச் சுவருக்கு 2 லிட்டர் வாங்கி, டின்களை ஒரே வாளியில் கலந்துகொண்டு அடிக்கச் சொல்லுங்கள். கால் லிட்டரை ஒதுக்கி வையுங்கள், பிறகு கடையில் அதே எண்ணைச் சொல்லிக் கலந்தாலும் ஒட்டு தெரியும். வெள்ளை வெளேரென்ற எல்இடியில் இந்தப் பச்சை நீலம் பாயும், அங்கே மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் பல்பு போடுங்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: பிடிக்காவிட்டால் ஒரு பிரைமர், இரண்டு கோட் வெள்ளை, சில ஆயிரம் ரூபாய். மேஸ்திரியின் அந்த அரை நாளை வீணாக்க வேண்டாம், மாடி மொசைக்கைப் பெயர்க்கச் சொல்லுங்கள்.