வெசாக்குக்குக் காலிக்குப் போகலாமா?

அன்புள்ள அண்ணா,

கொழும்பு–யாழ்ப்பாணம் ரயிலான யாழ்தேவியில் சந்தித்த சிங்கள அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. 2007 ஜூனில் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த என் அம்மாவை விடியமுன் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதன்பிறகு அவர் தெற்குப் பக்கம் போனதே இல்லை. இப்போது கம்பஸில் என்னோடு படிக்கும் சிங்களத் தோழி, பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்குத் தெற்கே காலியில் இருக்கும் தன் வீட்டுக்கு வா என்கிறாள். அம்மா வேண்டாம் என்கிறார். எப்போதும் நாங்கள்தான் போய் அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டுமா? ஒரு ரயில் பயணம் எதை மாற்றும்?

சி., வவுனியா

அன்புள்ள தங்கச்சி,

முதலில் உங்கள் அம்மா. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைப் பேசிப் போக்க யாரும் அவசரப்பட வேண்டாம். அந்த ஜூன் 7ஆம் திகதி 300க்கும் அதிகமானவர்களைத் தமிழர் என்பதற்காகவே ஏற்றி அனுப்பினார்கள். உயர்நீதிமன்றம் உடனே தடை போட்டதுதான், ஆனால் பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அந்த உத்தரவு எட்டியபோது பயணம் முடிந்திருந்தது.

அந்த ரயில் கதையில் நான் ஒரு பிழை விட்டேன், அதை உங்கள் கோபம்தான் காட்டித்தந்தது. அந்த அம்மா நயினாதீவு விகாரைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கிளிநொச்சி தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டு, ஆனையிறவு எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார். 2000 ஏப்ரலில் அங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தபோது அவருடைய மகன் உள்ளே இருந்திருக்கிறான், உடல் வரவில்லை. என் சின்னம்மாவின் மகன் 1996இல் சைக்கிளில் டியூசனுக்குப் போன இடத்தில் பிடிபட்டவன், அவனும் வரவில்லை. என் அரைகுறைச் சிங்களத்தில் அதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: இப்போது அவனுக்கு எத்தனை வயதிருக்கும்? சின்னம்மாவும் இப்படித்தான் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கணக்குப் பார்ப்பார். இரண்டு தாய்க்கும் ஒரே துயரம் என்று அதை முடித்துவிட்டேன். ஒரே துயரம் இல்லை. ஒருவன் துவக்கோடு போனவன், மற்றவன் கொப்பியோடு போனவன். அந்த மகனின் தரப்புக்கு ஆனையிறவிலேயே நினைவுச்சின்னம் இருக்கிறது. எங்களுக்கோ, போரின் கடைசியில் இறந்த தமிழர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் தூபியை 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடித்து, எதிர்ப்பு வந்த பிறகுதான் திரும்பக் கட்ட விட்டார்கள். அந்த அம்மாமீது எனக்கு உண்மையான அன்பு வந்தது, இப்போதும் இருக்கிறது, ஆனால் அந்த அன்பை வைத்து இந்தக் கணக்கை யாரும் நேர் செய்துவிட முடியாது, நான் செய்யப் பார்த்தது தவறு.

சரி, நாங்கள்தான் எப்போதும் கேட்க வேண்டுமா என்றீர்களே. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், புத்தளம் போகும்வரை.

கற்பிட்டிக்குப் போகும் வழியில் ஒரு தேத்தண்ணீர்க் கடை. நான் வாய் திறந்ததுமே கடைக்காரர் "யாழ்ப்பாணமோ?" என்றார். அவருடைய தமிழ் என்னுடையதைவிட யாழ்ப்பாணத் தமிழாக இருந்தது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இருந்த சோனகத்தெருப் பிள்ளை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகும்படி புலிகள் அறிவித்தபோது அவருக்குப் பதினான்கு வயது. வடக்கிலிருந்து ஏறக்குறைய எல்லா முஸ்லிம்களும் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள், பல்லாயிரம் பேர், பலர் புத்தளத்து முகாம்களிலேயே வளர்ந்து பிள்ளை பெற்று வயதானார்கள். இது எனக்குத் தெரியாத வரலாறு இல்லை. எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அன்று அப்பா கேற்றைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து இருந்தார், யாரும் எதுவும் கதைக்கவில்லை. கொஞ்சக் காலத்தில் எங்கள் வீட்டில் ஓர் அலுமாரி வந்து நின்றது, மலிவாகக் கிடைத்ததென்று. எங்கிருந்து வந்தது என்று பன்னிரண்டு வயதில் எனக்கே விளங்கியது.

அந்த அலுமாரியைப் பற்றி அவரிடம் சொல்லாமல் எழும்பி வந்திருக்கலாம். சொன்னேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே "என்ன நிறம்?" என்றார். மண்ணிறம் என்றேன். "எங்கட வீட்டு அலுமாரி கறுப்பு" என்றார். பிறகு அங்கிருந்த முஸ்லிம் பள்ளிக்கூடமான ஒஸ்மானியாக் கல்லூரி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். ரயிலில் எனக்கு ஒருவர் காது கொடுத்தார், தேத்தண்ணீர்க் கடையில் நான் காது கொடுக்கக் கடன்பட்டவனாக இருந்தேன், எந்த இடத்தில் யாராக உட்காரப்போகிறோம் என்பது வீட்டில் இருந்தபடி தெரியாது. காணி திரும்பி வருவதும் காணாமல் போனவர்களுக்குப் பதில் வருவதும் இதனால் நடக்காது, அதற்கு வேறு போராட்டம் வேண்டும், வவுனியாவில் அந்தத் தாய்மார் 2017இலிருந்து போராட்டப் பந்தலில் இருந்ததை என்னைவிட நீங்கள் கிட்ட நின்று பார்த்திருப்பீர்கள்.

உங்கள் தோழியிடம் லொட்ஜ் கதையைச் சொல்லிவிட்டீர்களா? போகமுன் சொல்லுங்கள். முகம் சுளித்தால், அது அந்தக் காலத்தில் அவசியம் என்று தொடங்கினால், இந்த முறை போகவேண்டாம், உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கேட்டுக்கொண்டு இருந்தாள் என்றால் போங்கள். முடிந்தவரை சிங்களத்தில் கதையுங்கள், அவளையும் தமிழ் படிக்கச் சொல்லுங்கள். யாழ்தேவி ஓடத் தொடங்கிய அதே 1956இல்தான் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டமும் வந்தது, ரயில் இரண்டு பக்கத்தையும் இணைத்த வேகத்தில் மொழி பிரித்துவிட்டது. முதலில் அவள் வவுனியாவுக்கு வரட்டும் என்று உங்கள் அம்மா சொன்னால் அதுவும் நியாயமே, ஒரு பொங்கலுக்குக் கூப்பிடுங்கள்.

போவதென்றால் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் போங்கள், பஸ்ஸில் வேண்டாம். வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள், காலிவரை கடல் அந்தப் பக்கம்தான். போய் வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா