கோபுரங்களை நீக்கலாமா?

கேள்வி: பிறந்து வளர்ந்த நாட்டை விட்டு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. திரும்பத் திரும்ப அங்கே சென்று எடுத்த நிலக்காட்சிப் படங்களை என் முதல் தனிக் கண்காட்சியாக வைக்கப்போகிறேன். சிறுவயதில் பார்த்த குன்றுகளுக்கு நடுவே இப்போது மின்கோபுரங்கள் நிற்கின்றன. அந்த மண்ணைக் கொண்டாடும் கண்காட்சி என்பதால் அவற்றைக் கணினியில் நீக்கிவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். நீக்கலாமா?

பதில்: நீக்க வேண்டாம். நண்பர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்குச் சொல்ல வேண்டிய யோசனை.

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸும் இதே கேள்வியின் முன் நின்றவர்தான். 14 வயதில், 1916-இல், கையில் ஒரு பெட்டிக் கேமராவுடன் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பார்த்த அவர், அதன்பின் ஆண்டுதோறும் அந்த மலைகளுக்குப் போனார். 1931-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் 60 படங்களுடன் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தபோது, சுவரில் இருந்தவை யோசெமிட்டியை உள்ளடக்கிய அந்தச் சியரா நெவாடா மலைகளே. அவர் 1944-இல் லோன் பைன் என்ற சிற்றூருக்கு அருகில் எடுத்த குளிர்காலக் காலைப் படம் ஒன்று உண்டு. பின்னால் வெயில் பட்ட பனிமலை, நடுவே இருண்ட குன்று, முன்னால் கீற்றாக விழும் ஒளியில் மேயும் ஒரு குதிரை. முதுகைக் காட்டி நின்ற அந்தக் குதிரை கடைசி நேரத்தில் பக்கவாட்டில் திரும்பியதால்தான் படம் அமைந்தது. அந்த இருண்ட குன்றின் சரிவில் ஊர்ப் பள்ளி மாணவர்கள் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகள் இரண்டைச் சுண்ணாம்பால் பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள். ஆடம்ஸ் கண்ணுக்கு அது மலையின் மேல் ஒரு தழும்பு. இருட்டறையில் அதை மறைத்துவிட்டார். குறை கூறியவர்களுக்காக அவர் மனம் மாறவில்லை.

ஆடம்ஸ் மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. இருந்தாலும் இந்த ஒன்றில் நான் அந்தப் பிள்ளைகள் பக்கம். பாறைச் சரிவில் சுண்ணாம்பைச் சுமந்து ஏறி, தங்கள் குன்றில் தங்கள் ஊர்ப்பெயரைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் வளர்ந்து கேமராவோடு அதே இடத்தில் நின்றிருந்தால், அந்த எழுத்துகளை அழிக்கக் கை வந்திருக்குமா? நீங்கள் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்.

படத்தைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. 1927-இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைக் கருப்பு-வெள்ளையில் எடுக்கும்போது, மஞ்சள் ஃபில்டரில் ஒருமுறை எடுத்துவிட்டு, அது போதாதென்று மிச்சமிருந்த ஒரே கண்ணாடிப் படத்தகட்டில் அடர்சிவப்பு ஃபில்டரைப் போட்டு வானத்தை ஏறக்குறையக் கருப்பாக்கினார் ஆடம்ஸ். அது அந்தப் பாறையின் முன் நின்றபோது தமக்குள் எழுந்த உணர்வைச் சொல்லும் வழி. நிற்பதை இல்லையென்று சொல்வது அதில் சேராது. கோபுரம் வேண்டாமென்றால் பத்தடி தள்ளி நின்று எடுங்கள், அது உங்கள் உரிமை. எல்லாப் படத்திலும் அப்படியே தள்ளி நின்றீர்களென்றால் அதுவும் ஒருவகை அழிப்புதான் என்பேன். அங்கேயே தங்கிவிட்டவர்களின் வீட்டு விளக்கு அந்தக் கம்பியால் எரியக்கூடும். அவர்களில் யாரேனும் உங்கள் படத்தின் முன் வந்து நின்று தம் குன்றைத் தேடினால், அது இன்று இருக்கிறபடி அங்கே இருக்க வேண்டும்.

கோபுரம் உள்ள படங்களில் ஒன்றையாவது, உள்ளே நுழைந்ததும் எதிரே தெரியும் சுவரில், பெரிய அளவில் மாட்டுங்கள். எடுத்த ஆண்டையும், அந்தக் குன்றைச் சிறுவயதில் நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தீர்களோ அதையும் அடியில் எழுதுங்கள்.