பாட்டியின் நோட்டுப் புத்தகம்

கேள்வி: பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் என் 15 வயது மகள் இரண்டு வாரம் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்குச் சென்று வந்தாள். அவளுக்கு இதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். தங்கிய வீட்டினர் பெயரளவில்தான் தமிழர். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. முதல் மூன்று இரவும் அழுதிருக்கிறாள். பிறகு மாலை வேளைகளை எல்லாம் அந்த வீட்டுப் பாட்டியின் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தமிழில் எழுதிக் கொடுப்பதிலேயே கழித்திருக்கிறாள். இந்தப் பணத்தில் சென்னைக்கு அனுப்பியிருக்கலாமே? அந்த வீட்டுப் பெண் இப்போது எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமாம். மறுத்துவிடலாமா?
(ஒரு தந்தை, ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

பதில்: மறுக்காதீர்கள். அந்த இரண்டு வாரத்தில் நடந்தவற்றுள் மிகப் பெரியதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள்.

கடிதத்துடன் உங்கள் மகள் அனுப்பிய ஒரு பக்கத்தின் நகலைப் பார்த்தேன். மேல் வரியில் பாட்டியின் தந்தை பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த பாட்டு. அதன் கீழே, பென்சிலில், அதே பாட்டு தமிழ் எழுத்தில். இரண்டு இடங்களில் அழித்துத் திருத்தியிருக்கிறாள். ஓரிடத்தில் ‘ழ’வா ‘ல’வா என்று தெரியாமல் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். அவ்வூரார் ‘பால் தமூல்’ என்று சொல்லும், பாரத, இராமாயணக் கதைகளை இரவு முழுவதும் ஆடும் கூத்தின் பாட்டு அது. அதை நடத்துபவரை அங்கே ‘வார்த்தியால்’ என்பார்கள். நம் வாத்தியார்தான் அவர். தீமிதிக்கு அவர்கள் வணங்கும் ‘பாந்தியாலே’ நம் திரௌபதி அம்மன். பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் எழுபது ஆண்டு நெஞ்சில் வைத்திருந்த ஒரு மூதாட்டிக்கு, அது எந்தச் சொல் என்று எழுதிக் காட்ட ஒரு சிறுமி கிடைத்திருக்கிறாள். சென்னையில் அவளுக்கு இந்த வேலை இருந்திருக்காது.

அந்த மக்கள் தமிழை விரும்பித் தொலைக்கவில்லை. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் பெயர் வைத்தார்கள், பள்ளியில் பிரெஞ்சு மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். நம் தீவில் அரசுத் தொடக்கப்பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டு, ரூபாய் நோட்டில் தமிழ் எண் உண்டு, காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. ஆனால் இன்று இரவு உணவு வேளையில் நீங்களும் உங்கள் மகளும் எந்த மொழியில் பேசுவீர்கள்? நம்மில் பெரும்பாலோரைப் போல, என்னைப் போலவும், இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசுவீர்கள் என்றால், பள்ளியில் கிடைத்த வாரச் சில பாடவேளைகள்தாம் உங்கள் வீட்டையும் அந்த வீட்டையும் வேறுபடுத்துகின்றன. அந்தப் பாடவேளைகளின் பயனைத்தான் அவள் அங்கே பென்சிலில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அழுகையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விமானப் பயணம்தான் என்றாலும், பிறர் வீட்டுக் கட்டிலில் படுக்கும் முதல் இரவு எந்தப் பிள்ளைக்கும் நீளமானது. நான்காம் நாள் அவள் நோட்டைக் கையில் எடுத்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இனி உங்கள் முறை. வரும் பெண்ணுக்கு விருந்தினர் அறையைத் தயார் செய்வதோடு நிற்காமல், உங்கள் மகளின் தமிழ் வகுப்பில் அவளும் உட்கார ஆசிரியரிடம் இப்போதே அனுமதி கேளுங்கள். ஒரு நாள் வாழையிலையில் ஏழு கறி பரிமாறி, ஒவ்வொன்றின் பெயரையும் தமிழில் சொல்லுங்கள். அழைப்புக் கடிதத்தை உங்கள் மகளே எழுதட்டும்: மேலே தமிழ் எழுத்தில், அதன் கீழே அதே ஒலி பிரெஞ்சு எழுத்தில், பாட்டி தாமே உரக்கப் படிக்கும்படியாக.