பிஎஸ்சி ப்ராஜெக்ட் ப்ரொபோசல் ஏன் திரும்பி வருது?

"நீலகிரியில் அந்நிய மரங்களின் தாக்கம்"னு தலைப்பு வச்சேன், சார் திருப்பிக் குடுத்துட்டார், ஏன்னு தெரியலன்னு கேட்டிருக்கீங்க. தம்பி, அது நாலு மாசத்துல ஒரு ஆள் முடிக்கிற வேலை இல்ல, அதான். எண்ண முடியற கேள்வியா சுருக்குங்க: சீகை மரத்தடியில (வாட்டில்னு சொல்ற அந்நிய மரம், சீயக்காய் இல்ல) எத்தனை வகை செடி இருக்கு, பக்கத்துப் புல்வெளியில எத்தனை?

இப்ப முறையும் தானா வந்துரும், ஒரு மீட்டர் சதுரமா கயிறு கட்டி ரெண்டு பக்கமும் 20 இடத்துல எண்ணுங்க, ஆனா இடத்தைக் கண்ணுக்குப் பிடிச்ச மாதிரி எடுக்காதீங்க, சீட்டுக் குலுக்கி எடுங்க, ரெண்டும் ஒரே சரிவுல ஒரே உயரத்துல இருக்கணும், இல்லன்னா வித்தியாசம் மரத்தாலயா வெயிலாலயான்னு சொல்லவே முடியாது. மார்க் போடறவங்க முதல்ல தேடறது இதைத்தான்: இந்த முறை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமா?

அடுத்தது காலம். குறிஞ்சி பத்தி எழுதணும்னு ஆசைப்படறவங்க உண்டு, 2018ல பூத்தது 12 வருஷம் கழிச்சு 2030லதான், டிகிரியே முடிஞ்சிரும். கூடலூர்ப் பக்கம்னா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை மழை, கோத்தகிரின்னா அக்டோபர், நவம்பர், அதைப் பார்த்து தேதி போடுங்க. காப்புக்காட்டுக்குள்ள போக வனத்துறை அனுமதி வேணும், அது வர நாளாகும், அதனால தெரிஞ்சவங்க எஸ்டேட் ஓரமா பார்த்துக்கங்க.

அப்புறம் பென்சில் கொண்டு போங்க, மூடுபனியில நோட்டு நனைஞ்சு என் பேனா எழுத்து ஒரு பக்கம் முழுக்கக் கரைஞ்சே போச்சு.