மண்கூட்டுக்குள் நடப்பது

அன்புள்ள ஐயா,

முன்னோருக்கான படைப்புக்காகப் பள்ளத்தூர் வீட்டைத் திறந்தோம். இரண்டாம் கட்டுக்குள் தேக்கு வாசல்நிலைக்கு மேலே வரிசையாகக் குளவிக்கூடுகள். துடைப்பத்தோடு போனவரை அப்பத்தா தடுத்துவிட்டார்கள். “குளவி கூடு கட்டினா வீட்டுல பிள்ளை பிறக்கும், கலைக்காதீங்க. புழுவைக் கொண்டாந்து கொட்டிக் கொட்டித் தன்னை மாதிரியே ஆக்கிடும்” என்றார்கள். அது நிஜமா என்று என் மகன் கேட்கிறான். நீங்கள் அடிக்கடி சொல்லும் ஃபாபர் இதைப் பார்த்திருக்கிறாரா?

வ.

அன்புள்ள வ.,

பார்த்திருக்கிறார். சொல்லப்போனால், பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்த ழான் ஆன்றி ஃபாபரைப் பூச்சிகள் பக்கம் இழுத்ததே ஒரு குளவிதான். தன் குஞ்சுக்காக வண்டுகளைப் புதைத்துவைக்கும் குளவியைப் பற்றி லியோன் துஃபூர் என்ற பூச்சி ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். வண்டு செத்துவிட்டது, விஷம் அதை அழுகாமல் காக்கிறது என்பது அவர் முடிவு. ஃபாபருக்கு அது போதவில்லை. அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு வகைக் குளவியின் வளைகளைத் தோண்டி, உள்ளே கிடந்த கூன்வண்டுகளை எடுத்து மின்சாரம் பாய்ச்சினார். கால்கள் அசைந்தன. வண்டு சாகவில்லை, முடங்கிக் கிடக்கிறது! குளவி கொட்டுவது நெஞ்சுப் பகுதியின் நரம்பு முடிச்சில். அதே இடத்தில் ஊசியால் ஒரு சொட்டு அம்மோனியா வைத்து, தானே ஒரு வண்டை அப்படி முடக்கிக் காட்டினார். 1855-இல் இதை வெளியிட்டார்.

அப்பத்தா சொன்னதில் பாதி சரி. புழு உள்ளே போகிறது, குளவி வெளியே வருகிறது, கொட்டுவதும் உண்மை. நடுவில் கூடு மூடியிருக்கிறதே, அங்கே நடப்பதை யாரும் பார்க்கவில்லை. குளவி உள்ளே ஒரு முட்டை இடுகிறது. அதிலிருந்து வரும் குஞ்சு, முடங்கிக் கிடக்கும் இரையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகிக் குளவியாக வெளியே வருகிறது. குட்டிப் பானை மாதிரி கூடு கட்டும் குளவிதான் பச்சைப் புழுக்களை அடைப்பது. அந்தப் புழுக்கள் முழுதாக முடங்குவதில்லை, நெளியும். அதனால் முட்டை அவற்றின் மேல் இல்லாமல் கூரையிலிருந்து மெல்லிய இழையில் தொங்குகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சும் முதலில் தலைகீழாகத் தொங்கியபடியே தின்கிறது. ஃபாபர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவை.

உங்கள் நிலைக்கு மேலே வரிசையாக இருப்பவை அநேகமாக வேறு குளவியுடையவை. அவற்றுக்குள் புழு இருக்காது, சிலந்திகள் இருக்கும். இந்த வகையையும் ஃபாபர் விடவில்லை. முதல் சிலந்தியின் மேல் குளவி முட்டையிட்டதும் சிலந்தியோடு சேர்த்து எடுத்துவிட்டார். குளவி அடுத்த சிலந்தியைக் கொண்டுவந்தது. அதையும் எடுத்தார். இரண்டு நாளாக அது கொண்டுவந்துகொண்டே இருந்தது, கடைசியில் காலியான அறையை மண்ணால் பத்திரமாக மூடிவிட்டுப் போய்விட்டது. உங்கள் மகனுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் வைத்து, பூச்சியின் இயல்புணர்வு மாறவே மாறாதது என்று ஃபாபர் அடித்துச் சொன்னார், டார்வினின் பரிணாமக் கொள்கையை ஏற்கவுமில்லை. இத்தனைக்கும் டார்வின் அவரை ஒப்பற்ற கூர்நோக்காளர் என்று புகழ்ந்தவர். அங்கே நான் டார்வின் பக்கம்தான். 1898-இல் அமெரிக்காவில் பூச்சி ஆய்வாளர்களான பெக்கம் தம்பதி பார்த்தபோது, ஒரே இனக் குளவிகள்கூட ஒன்றுபோலக் கொட்டவில்லை, சில இரைகள் செத்தும் போயின. ஆனால் ஃபாபர் கண்ட காட்சிகள் அப்படியே நிற்கின்றன. 1879-இல்தான் தெற்கு பிரான்சின் செரிஞானில் அவருக்கென்று ஒரு தரிசு நிலம் அமைந்தது. 1915-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார், பூச்சிகளைப் பற்றிய தன் பத்துத் தொகுதிகளில் பெரும்பாலானவற்றை அங்கேதான் எழுதினார்.

சரி, கூடுகளுக்கு வருவோம். வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம், தாராளமாகச் சுரண்டலாம். ஓட்டை இல்லாததைச் சில வாரம் விட்டுவையுங்கள். தனியாக வாழும் குளவி, கையால் பிடித்தாலொழியக் கொட்டாது. கூட்டமாக வாழும் பெரிய குளவியான கதண்டின் கூடு என்றால் மட்டும் யாரும் கிட்டே போக வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.