கேசட் படம் கறுப்பு வெள்ளையில் வருவது ஏன்?

கேள்வி: பழைய கல்யாண வி.எச்.எஸ். கேசட்டை யூ.எஸ்.பி. கேப்சர் கருவி மூலம் ஓ.பி.எஸ். மென்பொருளில் பதிவு செய்கிறேன். படத்தில் வண்ணம் இல்லை. ஒலியும் போகப்போகப் பின்தங்குகிறது. என்ன செய்வது?

பதில்: கருவி என்.டி.எஸ்.சி. (NTSC, அமெரிக்க டிவி வண்ண முறை) முறையில் இருக்கும். நம் ஊர் கேசட்டுகள் பெரும்பாலும் பால் (PAL) என்ற வேறு முறை. வீடியோ கேப்சர் சோர்ஸின் பிராப்பர்ட்டீஸில் ‘கான்ஃபிகர் வீடியோ’ போய், பால்-பி (PAL_B) தேர்ந்தெடுங்கள். ரெசல்யூஷன் 720x576, ஃபிரேம் ரேட் 25. செட்டிங்ஸில் உள்ள வீடியோ பகுதியிலும் அதே 25 வேண்டும். கேன்வாஸை (ஓ.பி.எஸ். படப்பரப்பு) 768x576 ஆக்கி, படத்தை அதில் நிரப்புங்கள். இல்லாவிட்டால் மாப்பிள்ளை ஒல்லியாகத் தெரிவார்! அசைவில் சீப்புப் பல் போலக் கோடு விழுந்தால், சோர்ஸை ரைட் கிளிக் செய்து டீஇன்டர்லேசிங்கில் (கோடுகளை நீக்கும் வசதி) யாடிஃப் (Yadif) தேர்ந்தெடுங்கள்.

ஒலிக்கு, ஓ.பி.எஸ்., விண்டோஸ் சவுண்ட் இரண்டிலும் 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். ஒன்றில் 44.1 இருந்தால் விலகல் வர வாய்ப்புண்டு. ஃபிரேம்கள் தவறினாலும் இதே கதைதான். எத்தனை தவறின என்று ஸ்டாட்ஸ் பலகையில் பாருங்கள், யூ.எஸ்.பி. ஹப்பைத் தவிர்த்து நேரடியாகச் செருகுங்கள். விலகல் கூடாமல் குறையாமல் ஒரே அளவில் இருந்தால் மட்டும் ஒலியின் நேரத்தை நகர்த்தும் ‘சிங்க் ஆஃப்செட்’டை மாற்றுங்கள்: ஒலி முந்தினால் 100 மில்லிசெகண்டில் தொடங்கிச் சரிபாருங்கள்.

பதிவுக் கோப்பு எம்.கே.வி. (MKV) வடிவில் இருக்கட்டும், நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிவானது பெரும்பாலும் தப்பும்.